நனைந்த வெள்ளைச் சட்டை

அன்புள்ள என்னவருக்கு,

நான், குட்டி, அத்தை மூவரும் இங்கே சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால், "சூப்பரா இருக்கேன்" என்று இரண்டே வார்த்தையில் என் வாயை அடைத்துவிடுவீர்கள்.

போன கடிதத்தை உங்கள் அறையில் மொட்டைத் தம்பி உரக்கப் படித்தார், சண்டைக் குழுவில் எல்லோரும் கட்டிலில் உருண்டு சிரித்தார்கள் என்று போனில் சொன்னீர்கள். சலவைக் கடையில் சட்டை தேய்க்கிற ஒருத்தியின் சினிமா விமர்சனத்தைக் கேட்க, சினிமாவில் அடி வாங்குகிறவர்களே கூடி உட்காருகிறார்கள் என்றால் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த முறை மூன்று படம் சேர்ந்துவிட்டது. மொட்டைத் தம்பியை நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆனால் நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதுவரைக்கும்தான் அவருக்கு. கோட்டுக்குக் கீழே இருப்பது உங்களுக்கு மட்டும். அடுத்த மாதம் நீங்கள் குதிக்கப் போகிற கோபுரத்தைப் பற்றி அங்கே பேசுகிறேன்.

முதலில் விண்வெளிப் படம். பிளந்த வாயை நான் மூடவே இல்லை. கப்பலுக்கு வெளியே வந்து பழுது பார்க்கிற கேப்டனின் கயிறு அறுந்து போகிறது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் டமடமவென்று மேளத்தைத் தட்டியிருப்பார்கள். இவர்கள் சத்தத்தை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். அவர் போய்க்கொண்டே இருக்கிறார். தியேட்டரில் பாப்கார்ன் கொறிப்பதைக்கூட எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். சத்தமே இல்லாமல் இத்தனை பேரைப் பயமுறுத்தலாம் என்று கண்டுபிடித்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

குறை ஒன்றுதான். அந்தக் கப்பலில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அளந்து குடிக்கிறார்கள். சட்டை மட்டும் எல்லோருக்கும் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. காலரில் வேர்வைக் கறை இல்லை, கைமடிப்பில் கசங்கல் இல்லை. யார் துவைக்கிறார்கள், எங்கே தேய்க்கிறார்கள்? நான் முணுமுணுத்ததைக் கேட்டுக் குட்டி, "அம்மா, அது எதிர்காலத் துணிம்மா, அழுக்கே ஆகாது" என்றாள். அப்படியானால் எதிர்காலத்தில் எனக்கு வேலை இல்லை.

கேப்டன் வீட்டுக்கு அனுப்புகிற செய்தி, தூரம் காரணமாக ஒரு வருடம் கழித்துத்தான் போய்ச் சேருகிறது. அவர் எப்போதோ சிரித்த சிரிப்புக்கு, அவர் மனைவி சமையலறையில் நின்றுகொண்டு இன்றைக்குத் திரும்பச் சிரிக்கிறாள். அவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. அந்த இடத்தில் முந்தானை நனையும் அளவுக்கு அழுதேன். அத்தை, "இதுக்குப் போயி அழுவியா? எல்லாம் பொய்தானே" என்று அதட்டினார். பொய் என்று தெரிந்தும் அழ வைக்கிறார்களே, அதுதானே அவர்கள் கெட்டிக்காரத்தனம்.

இரண்டாவது, மாயக்காட்டுப் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை உப்புச்சப்பில்லை என்று எழுதியிருந்தேன், இல்லையா? அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சிறகு முளைத்த அந்தப் பெரிய பாம்பு, பறந்து வந்து உட்கார்ந்ததும் நம் வீட்டு நாய் மாதிரி உடம்பைச் சிலிர்த்துக்கொள்கிறது. சிறகிலிருந்து தூசு பறக்கிறது. அந்தத் தூசுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது. தூசு படிந்தால் அந்தப் பொருள் உண்மையானது என்று என் மனசு முடிவு செய்துவிடுகிறது, என் தொழில் அப்படி. சூனியக்காரி ஒவ்வொரு மந்திரத்துக்கும் தன் ஞாபகத்தில் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்களே, அது எவ்வளவு நல்ல யோசனை. சும்மா கையை ஆட்டினால் மலை நகரும் என்றால் அது காதில் பூ சுற்றுவது. கடைசியில் தன் மகனைக் காப்பாற்றிவிட்டு, "யாருப்பா நீ?" என்று அவனையே கேட்கிறாள்.

இதன் மூன்றாம் பாகத்தில்தான் பாம்பின் முதுகிலிருந்து கோபுரத்துக்கும், கோபுரத்திலிருந்து கீழேயும் ஒருவர் விழப் போகிறார் என்று குட்டி பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். "எங்கப்பா மூஞ்சி வராது, முதுகுதான் வரும். நல்லா பாத்துக்குங்க" என்று விளக்கம் வேறு. என் முதலாளியம்மா மூன்றாம் பாகத்துக்குத் தனக்கும் லீவு கேட்டு வைக்க வேண்டும் என்று இப்போதே சொல்கிறார். கடையே அவருடையது, அவர் யாரிடம் லீவு கேட்பார் என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது, நீங்கள் இருக்கிற சண்டைப் படம். கதை என்று பார்த்தால் ஒரு பிடி கூடத் தேறாது. பெட்டியைத் தொலைக்கிறார்கள், பெட்டியைத் தேடுகிறார்கள், பெட்டிக்குள் என்ன என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் சண்டை! மீன் சந்தைச் சண்டையில் ஐஸ் பெட்டியை வைத்து என்னவெல்லாம் செய்துவிட்டார்கள்! வழுக்கி விழுகிற ஆளைக்கூட அழகாக வழுக்க வைத்திருக்கிறார்கள். உங்கள் சண்டை மாஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். படிக்கட்டில் உருண்டவர் உங்கள் குழுவின் நெருப்புத் தம்பிதானே? முழங்காலை மடக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

அத்தையின் கூத்தைக் கேளுங்கள். கதாநாயகன் முகத்தில் சிவப்புச் சாயத்தோடு முனகும்போது, "பாவம், பெத்தவ பாத்தா தாங்குவாளா?" என்று மூக்கைச் சிந்தினார். மாடியிலிருந்து கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு கார் மேல் விழுகிறபோது எழுந்து நின்று கைதட்டினார். கதாநாயகனுக்குப் பதிலாக விழுந்தது அவர் பிள்ளை. எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு இது மாறி மாறித்தான் மனசில் பதிகிறது.

அந்த விழுகையை என்னவென்று எழுதுவது? கொட்டுகிற மழையில், கண்ணாடி சிதற, வெள்ளைச் சட்டை படபடக்க விழுந்தீர்கள். விழுந்ததும் எழுந்து ஓடினீர்கள். தியேட்டரே விசிலடித்தது. பின் வரிசையில் ஒருவர், "உண்மையாவே விழுந்த மாதிரி இருக்குடா!" என்று கத்தினார். நான் இதுவரை பார்த்த விழுகைகளிலேயே இதுதான் சிறந்தது.

மொட்டைத் தம்பி, இத்தோடு உங்கள் வேலை முடிந்தது. காகிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

———

இனி நீங்கள் மட்டும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நடுவில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். காகிதத்திடம் உங்கள் சிரிப்பு பலிக்காது.

அந்தப் படத்தை நான் இரண்டாவது முறையும் போய்ப் பார்த்தேன். தனியாக, கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு. டிக்கெட் கிழிக்கிறவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "என்னம்மா, அவ்வளவு புடிச்சிருச்சா?" என்றார். ஆமாம், ரொம்பப் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். முதல் முறை, அந்தக் கைதட்டலுக்கு நடுவே, ஏதோ ஒன்று என் கண்ணில் பட்டும் படாமலும் போயிருந்தது. அதை உறுதி செய்துகொள்ளத்தான் போனேன்.

வெள்ளைச் சட்டை நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். நாள் முழுக்க ஈரத் துணியைக் கையில் வைத்திருப்பவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். விழும்போது அடிபடாமல் இருக்க உங்கள் தோளுக்கும் முழங்கைக்கும் சட்டைக்குள் வைக்கிற மெத்தைகளை நான்தான் என் கையால் தைத்தேன். அது உள்ளே இருக்கும்போது சட்டை எங்கே உப்பும், எங்கே இழுபடும் என்று எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் எந்தப் படத்திலும் கதாநாயகன் எப்போது நகர்ந்துகொண்டார், நீங்கள் எப்போது வந்தீர்கள் என்று கண்டுபிடிப்பேன். அந்த மழைக் காட்சியில் சட்டை எங்கேயும் உப்பவில்லை. துணி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. தோள் எலும்பு தெரிந்தது. மெத்தை வைத்தால் ஈரத்தில் வெளியே தெரியும் என்று கழற்றச் சொல்லியிருப்பார்கள், நீங்களும் கழற்றிக் கொடுத்திருப்பீர்கள். அது இல்லாமல் மேலே ஏற மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தானே ஊரை விட்டுப் போனீர்கள்?

அதோடு விடவில்லை. நீங்கள் விழுந்த பிறகு எழுந்திருப்பது எப்போதும் வலது கையை ஊன்றித்தான். வீட்டில் பாயிலிருந்து எழுந்தாலும் அப்படித்தான். அந்தக் காட்சியில் இடது கையை ஊன்றி எழுந்தீர்கள். வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டே இருந்தது. ஓடும்போதும் அது வீசவில்லை. அடுத்த நொடி கதாநாயகனின் முகம் வந்துவிட்டது, அவர் இரண்டு கையாலும் கார்க் கதவைத் திறந்தார். எல்லோரும் விசிலடித்தார்கள். உண்மையாகவே விழுந்த மாதிரி இருக்கிறது என்று கத்தினாரே, அவரைத் திரும்பிப் பார்த்து, மாதிரி இல்லை ஐயா என்று சொல்லத் தோன்றியது.

அந்தக் காட்சி எடுத்தது போன வருட மழைக்காலத்தில். அப்போது என்னிடம் என்ன சொன்னீர்கள்? மலைமேல் படப்பிடிப்பு, சிக்னல் இல்லை, பேச முடியாது என்றீர்கள். பிறகு ஜலதோஷம் என்றீர்கள். நானும் மிளகு போட்டுக் குடியுங்கள் என்று வைத்தியம் சொன்னேன். நீங்கள் எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த வைத்தியத்தைக் கேட்டீர்கள்? யார் சாப்பாடு ஊட்டினார்கள்? இதை நினைத்தால் ஒரு பக்கம் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது, இன்னொரு பக்கம் அழுகை வருகிறது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் கடையில் நல்ல சட்டை ஒன்றைக் கருக்கிவிட்டேன். முதலாளியம்மா திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

இப்போது கோபுரத்துக்கு வருகிறேன். மாஸ்டர் உங்களைக் குதிக்கச் சொல்லவில்லை, மற்றவர்களுக்குக் கயிறு கட்டிச் சரிபார்க்கிற பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார், நீங்கள்தான் பிடிவாதமாக நானே குதிக்கிறேன் என்றீர்கள். இதை நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். "கயிறு புடிக்கிறவனை யாரு பாக்கப் போறா?" என்றும் கேட்டீர்கள். அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது மாஸ்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிகிறது. அன்றைக்கு அடிபட்ட உங்கள் தோளைப் பற்றி அவருக்குத் தெரியும். அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் ஒரு வருடம் கழித்து, டிக்கெட் வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். இரண்டாவது முறை எல்லாம் தெரிந்து பார்த்தபோதும் அந்த விழுகை அழகாகவே இருந்தது. வலியோடு எழுந்து, காட்சி கெடாமல் கேமராவின் சட்டகத்தைத் தாண்டி ஓடி முடித்தீர்களே, அதைப் பார்க்க என் மனசு பொங்கியது. உங்களை மாதிரி ஒருவரை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன். உங்களுக்கு இனி நிரூபிக்க எதுவும் மிச்சமில்லை.

கயிறு பிடிக்கிறவரை யார் பார்ப்பார்கள் என்றால், நான் பார்ப்பேன். நெருப்புத் தம்பியின் மனைவி பார்ப்பாள். மொட்டைத் தம்பியின் அம்மா பார்ப்பார். அந்தக் கயிற்றைக் கட்டியது நீங்கள் என்று தெரிந்தால் அவர்கள் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். குட்டிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அப்பா முதுகுகூட இனி வராது, ஆனால் விழுகிற ஒவ்வொருவரும் எழுந்திருப்பது அப்பாவால்தான் என்று சொன்னால் அவள் அதையும் பள்ளிக்கூடம் முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவாள். அத்தையிடம் எதையும் சொல்லவில்லை. அவர் இன்னும் அந்த விழுகையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். சிரிக்கட்டும்.

நீங்கள் எங்கே நின்றாலும், எந்தக் கயிறு உங்கள் கையில் இருந்தாலும், உடம்பில் ஒரு கீறல் படாமல் நன்றாக இருக்க வேண்டும். நான் வேறு எதையும் கேட்கவில்லை.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு நீங்கள் வீட்டுப் பக்கமும் வரவில்லை, உங்கள் கையெழுத்தில் ஒரு வரிகூட எனக்கு வரவில்லை. எல்லாம் போன்தான். சோம்பேறித்தனம் என்று நினைத்துக் கேலிகூடச் செய்தேன். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் நீங்கள் உங்கள் கையால் பதில் எழுத வேண்டும், வலது கையால். இரண்டு வரி போதும். எழுத முடியவில்லை என்றால் யாரிடமும் சொல்லி எழுத வைக்காதீர்கள், போனும் செய்யாதீர்கள். புறப்பட்டு வந்துவிடுங்கள்.

என்றும் உங்கள்,
மனைவி