பிரிந்து வாழ்கிறோம் என்று சொல்

முதலாளியம்மாவுக்கு,

நாலு வருஷம் சம்பளமில்லாமல் சமைத்துப் போட்டவன் எழுதிக்கொள்வது. நான் உயிரோடு, கை கால் சுகத்தோடு இருக்கிறேன். முதலில் இதை நம்பு, பிறகு மற்றதைப் படி.

நாலு நாளாக என் போன் ஏன் அணைந்து கிடக்கிறது என்று தவித்திருப்பாய். அது என் பையில்தான் இருக்கிறது. கொஞ்ச காலத்துக்கு நீயும் கூப்பிடக் கூடாது, நானும் கூப்பிட மாட்டேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் காய்கறி லாரி ஓட்டுகிறவர். கண்ணாடியின் தடிமனால் இங்கே எல்லோருக்கும் அவர் சோடாபுட்டி. வாரத்தில் இரண்டு நாள் எல்லைப் பாலம் கடந்து வந்து உங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் லோடு இறக்குகிறார். ஆளை நம்பலாம். பேச்சை எல்லாம் நம்பாதே, நிறைய அளப்பார்.

நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம்போல் டூரிஸ்ட் விசாவின் தொண்ணூறு நாள் முடிவதற்குள் பாலம் கடந்து இந்தப் பக்கம் வந்தேன். லாட்ஜில் ஒரு ராத்திரி படுத்தேன். காலையில் டூரிஸ்டுகள் வரிசையில் நின்றேன். பதினாறு தடவை செய்த காரியம், கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். அந்தத் தைரியமே வினையாகப் போயிற்று. கவுன்டரில் புதிதாக ஒரு அம்மா. பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே எங்கே போறீங்க என்று கேட்டார். சுற்றிப் பார்க்க என்று சொல்ல வேண்டும். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் நீ ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவாய். ஆனால் என் நினைப்பெல்லாம் பன்னிரண்டரைக்கு நம் வாலுவைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டுமே, நீ டயாலிசிஸ் வார்டில் மெஷினை விட்டு நகர முடியாதே என்பதில் இருந்தது. வீட்டுக்கு என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். டூரிஸ்டுக்கு ஏது அங்கே வீடு? பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே நம் கதவுச் சாவி, பிள்ளையை அழைத்துப்போக என் போட்டோ ஒட்டிப் பள்ளியில் கொடுத்த அட்டை, வாலுவுக்கு வாங்கிய இரண்டு ஹேர்பேண்டு. ஊர் சுற்ற வந்தவன் பையா அது?

உள்ளறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, யார் வீடு என்று கேட்டார். மனைவி வீடு என்று சொன்னால் உன் கதை முடிந்தது. பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளலாம், புருஷனை வைத்துக்கொள்ளக் கூடாது என்று எந்தப் புண்ணியவானோ எழுதிய வேலை பெர்மிட் உன்னுடையது. நான் உன்னோடுதான் குடியிருந்தேன் என்று தெரிந்தால் அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்க மாட்டார்கள். நாலு வருஷமும் ஒரு மாதமும் நீ நின்ற கால் நோவு ஆற்றில் கரைத்த புளியாகிவிடும். இன்னும் பதினோரு மாதம் ஓட்டிவிட்டால் ஐந்து வருஷம், நிரந்தரக் குடியிருப்பு, பிறகு யாருக்கும் ஒளியாமல் மூன்று பேரும் ஒரே கூரையில் என்றுதானே கணக்குப் போட்டிருந்தோம்.

அதனால் சொன்னேன். முன்பு அது என் வீடு, இப்போது நாங்கள் பிரிந்துவிட்டோம், பிள்ளையைப் பார்க்கத்தான் வருகிறேன், அங்கேயும் தங்குவது லாட்ஜில்தான் என்று. அப்புறம் சாவி எதுக்கு என்று கேட்டார். திருப்பிக் கொடுக்க மனசு வரலை என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு பேப்பர் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இரக்கம் வேறு, சட்டம் வேறு. டூரிஸ்ட் விசாவைத் தப்பாகப் பயன்படுத்தியதற்கு மூன்று வருஷம் உள்ளே வரக் கூடாது என்று முத்திரை குத்தினார். குடும்ப நிலை என்ற கட்டத்தில் ‘பிரிந்து வாழ்கிறார்’ என்று அடித்திருந்தது. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு வாலு பள்ளி கேட்டில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது.

இனி நீ செய்ய வேண்டியது. பாலத்தடியில் ஃபாரம் நிரப்பித் தரும் ஏஜென்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிச்சயம் வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்களாம். போனை வாங்கிப் பார்ப்பார்களாம், அதனால்தான் போன் கூடாது. நீ பாலம் பக்கமே வராதே, உன் பாஸ்போர்ட்டில் முத்திரை விழும், என்னைப் பார்க்க வந்தது தெரிந்துவிடும். என் சட்டை, செருப்பு, ஷேவிங் சாமான் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. பக்கத்து ஃபிளாட் தையல்காரம்மாவையும் கேட்பார்கள். போன மாதம் தோசைக்கல்லுக்காக நாம் போட்ட சண்டை அவர் காதில் விழுந்திருக்கும், அதுவும் நல்லதாகப் போயிற்று. உன்னைக் கேட்டால் பிரிந்து வாழ்கிறோம் என்று சொல். தரையைப் பார்க்காமல் சொல்.

வாஷிங் மெஷின் கதவு மூடாவிட்டால் முழங்காலால் ஒரு தள்ளு தள்ளு. வாலுவுக்கு இடது பக்கம் சுழி இருப்பதால் வகிடு கோணும், அவசரப்பட்டு இழுக்காதே, கத்துவாள். இதெல்லாம் உனக்குத் தெரியாது என்று நினைக்கும்போதுதான் நான் அங்கே எவ்வளவு வேலை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே புரிகிறது.

ஏஜென்டிடம் இன்னொன்றும் கேட்டேன். நீ நிரந்தரமான பிறகு புருஷனை அழைக்க மனுப் போட்டால் இந்தக் காகிதம் குறுக்கே வருமா என்று. வரும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை கல்யாணம் பண்ணிக்கிட்டா போச்சு என்றார். ஆகவே மூன்று வருஷம் கழித்து உன்னைப் பெண் பார்க்க வருகிறேன். இந்தத் தடவையாவது நன்றாக யோசித்துச் சரி சொல்.

இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது இதை எழுதப் பயந்துதான். வாலுவையும் கேட்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்காதே. அவளுக்கு வராது. ஒளிந்து விளையாடும்போதே திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் இங்க இல்ல என்று கத்துகிறவள் அவள். அதனால் அவள் நம்பும்படி சொல்லிவிடு. அப்பா சண்டை போட்டார், நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சொல். அழுதால் அழட்டும். என் மேல் கோபம் வரட்டும். அந்தக் கோபம் இருந்தால்தான் நீங்கள் இரண்டு பேரும் தப்பிக்க முடியும். பெற்ற பிள்ளையை எனக்கு விரோதமாகத் திருப்பச் சொல்லி என் கையாலேயே எழுதுகிறேன். இந்த ஒரு பத்தியை எழுதுவதற்குள் மூன்று தடவை வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

எனக்காகக் கவலைப்படாதே. லாட்ஜுக்கு எதிரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்துவிட்டேன். பழைய தொழில், கை மறக்கவில்லை. நீ ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு பிள்ளையோடு இங்கே வந்து நிற்காதே. உன்னை எனக்குத் தெரியும், எழுதியே வைத்திருப்பாய். உன் காலில் விழுந்து கேட்கிறேன், வராதே. இதைப் படித்ததும் கிழித்துவிடு. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொறுப்பில்லாத உன் புருஷன்

~

உங்களுக்கு,

கடிதம் கிடைத்து ஒரு மாதமாகிறது. முதல் மூன்று நாள் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷன் என்று பாத்திரங்களிடம் எல்லாம் சொன்னேன். ராஜினாமாக் கடிதம் எழுதித்தான் வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தோடு சேர்த்து அதையும் கிழித்துப் போட்டேன்.

அன்றைக்கு வாலு கேட்டில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறாள். வாட்ச்மேன் நாற்காலி போட்டும் உட்காரவில்லையாம். இதை உங்களிடம் மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் என்னோடு சேர்ந்து சுமக்க உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

போன வியாழக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். அலமாரியைத் திறந்தார்கள், குளியலறையைப் பார்த்தார்கள். உங்கள் சட்டைகளை முன்பே என் வார்டு நோயாளி ஒருவரின் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். நீலச் சட்டை மட்டும் கொடியில் கிடந்தது. யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது, வீட்டில் போட்டுக்கொள்வேன் என்றேன். அது பொய்யில்லை.

எதனால் பிரிந்தீர்கள் என்று கேட்டார்கள். உங்களைக் குறை சொல்ல எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பிள்ளையைக் கவனிக்காதவர் என்று சொன்னேன். காய்ச்சல் வந்தால் அவளைத் தோளைவிட்டு இறக்காத உங்களைப் பற்றி அப்படிச் சொன்னேன். என்னை மன்னித்துவிடுங்கள். எழுதிக்கொண்டார்கள்.

பிறகு வாலுவைக் கூப்பிட்டு அப்பா எங்கே என்று கேட்டார்கள். அப்பா அம்மாகூட சண்டை போட்டாரு, எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு, திரும்பி வந்தா நான் கதவைத் திறக்க மாட்டேன் என்றாள். நான் அவளிடம் சொன்னது முதல் இரண்டும்தான். மூன்றாவது அவளுடையது. அவர்கள் ஃபைலை மூடிவிட்டார்கள். நேற்று புதுப்பித்த பெர்மிட் கார்டு வந்துவிட்டது.

கார்டு கைக்கு வந்ததும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆனால் நிரந்தரமாக்கும் முன் கடைசி விசாரணைக்கு இன்னொரு தடவை வருவார்களாம். அதனால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த நாளுக்குள் இந்தக் கோபம் அவளுக்குள் கெட்டிப்பட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது. உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். ஆண்டவன் புண்ணியத்தில் சாப்பிடுகிறாள், பள்ளிக்குப் போகிறாள், தலையை அவளே வாரிக்கொள்கிறாள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நிரந்தரமான மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு பாலம் கடந்து வருவேன். வரும் வழியில் எல்லாவற்றையும் சொல்லித்தான் கூட்டிவருவேன். அப்படியும் அவள் என் பின்னால் நின்றுகொண்டால் நீங்கள் கூப்பிடாதீர்கள். கையை நீட்டாதீர்கள். அவள் முன்னால் அழவும் கூடாது. அவளாக வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் ஆனாலும் அந்த லாட்ஜிலேயே தங்குகிறோம். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி