உங்கள் காதுக்கு அளவெடுத்தது

பிப்ரவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். காது கேட்கும் கருவி இன்று பார்சலில் கிளம்பிவிட்டது. நீங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்து அனுப்பிய காது அச்சை வைத்துச் செய்தது. முன்பு நான் அனுப்பியதில் போர்வை பால்காரர் வீட்டுக்குப் போனது, ஷூ ஆலயக் காவலாளி காலுக்குப் போனது. பிளாஸ்க் எங்கே போனதென்று நான் கேட்கவில்லை. ஆனால் இதை மட்டும் யாருக்கும் கொடுக்கக்கூடாது, சொல்லிவிட்டேன்.

இனி நான் போன் பண்ணினால் "யாரு? யாரு?" என்று கத்திவிட்டு வைக்க மாட்டீர்கள். அம்மா போனபிறகு நாம் ஒருநாள்கூட நிம்மதியாகப் பேசவில்லை. இந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி வார்டில் நாளெல்லாம் நர்ஸாக யார் யாருடைய அப்பாவையோ நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வாலு

பிப்ரவரி 23

என் வாலுக்குட்டிக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. திட்டாமல் படி. கருவியைத் தச்சருக்குக் கொடுத்துவிட்டேன்.

மரம் அறுக்கும் மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது போய்விட்டது. ஆலயத்தில் மற்றவர்கள் எழுந்திருப்பதைப் பார்த்துத்தான் அவரும் எழுகிறார். பார்க்கப் பாவமாக இருந்தது. "உங்களுக்கு வேணாமாண்ணே?" என்றார். "எனக்கு என்னத்துக்குப்பா? வீட்ல குழாய் சொட்டுறதைக் கேக்கவா?" என்று அவர் கையில் திணித்தேன்.

கொடுக்கச் சொல்லித்தானே வேதம் சொல்கிறது? ஞாயிறு பள்ளியில் அந்த வசனத்தை ஒப்பித்துப் பரிசு வாங்கியவளே நீதானே!

அப்பா

மார்ச் 9

அப்பா,

அது உங்கள் காதின் அளவு. இன்னொருவர் காதில் நிற்காது. மாற்றிப் போட்டுக்கொள்ள அதென்ன செருப்பா?

பத்து மாதம் லீவு நாளிலும் வேலை பார்த்து வாங்கினேன். வயிறு எரிகிறது. ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுக்கிறீர்கள். என்னிடம் போனில் ஒரு "எப்படிம்மா இருக்கே" கேட்க உங்களுக்கு மனசில்லை. இனிமேல் பார்சல் வராது.

மகள்

மார்ச் 28

வாலு,

கோபம் நியாயம்தான். போன ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் தச்சர் காதிலிருந்து கருவி என் காதுக்கே கேட்கும்படி 'கீ'யென்று விசிலடித்தது. போதகர் பேச்சை நிறுத்திவிட்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார். ஆராதனை முடிந்ததும் தச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். காதில் நிற்கவில்லையாம். ஒரு மாதமாகப் பஞ்சு வைத்து அடைத்துப் போட்டிருக்கிறார். காதெல்லாம் புண். "ஏம்ப்பா சொல்லல?" என்றேன். "நீங்க அவ்வளவு ஆசையாக் கொடுத்தீங்களேண்ணே" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. கொடுத்தது நானில்லை, அந்த மனுஷன்தான்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? போர்வை வாங்க வந்த பால்காரர் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினார். ஷூவுக்கு வந்த காவலாளி டீ குடித்துவிட்டுப் போனார். கொடுத்தால் ஆள் வருகிறது, வாலு. ஆண்டவர் பேரைச் சொல்லி நான் துணை தேடியிருக்கிறேன்.

கருவி விஷயத்தில் இன்னொரு பயமும் இருந்தது. காது கேட்டுவிட்டால் போனிலேயே எல்லாம் பேசி முடித்துவிடுவாய், அப்புறம் நேரில் எதற்கு வரப்போகிறாய் என்று பயந்துவிட்டேன். மூன்று வருஷம் ஆகிறது நீ வந்து.

தச்சர் திருப்பித் தந்துவிட்டார், இப்போது கருவி என் காதில்தான் இருக்கிறது. குழாய் சொட்டுவது நன்றாகவே கேட்கிறது.

அப்பா

ஏப்ரல் 12

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டு வராந்தாவில் நின்றபடி படித்து அழுதுவிட்டேன். வரமுடியாமல் போன ஒவ்வொரு முறையும்தான் நான் பார்சல் கட்டினேன். போர்வை, ஷூ, பிளாஸ்க், எல்லாமே அப்படித்தான். அனுப்பிவிட்டால் என் மனசு கொஞ்சநாள் சும்மா இருக்கும். நானும் உங்களுக்குக் கொடுத்த லட்சணம் அவ்வளவுதான்.

தச்சரைக் கூட்டிப்போய் அவர் காதுக்கும் அச்சு எடுத்து வையுங்கள். திரும்பும்போது அந்த அச்சை நானே கொண்டுபோய் அவருக்கும் ஒரு கருவி செய்து அனுப்புகிறேன். கொடுப்பதென்றால் இனி அளவு பார்த்துக் கொடுப்போம்.

ஆமாம், லீவு கிடைத்துவிட்டது. பத்து நாள்தான். இருபத்தாறாம் தேதி காலையில் கதவைத் தட்டுவேன், கருவியைப் போட்டுக்கொண்டு இருங்கள். கையில் பார்சல் எதுவும் இருக்காது. வருகிறவள் உங்களுக்கு மட்டும்தான், அப்பா. பால்காரரிடமோ காவலாளியிடமோ தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் வாலு