பிடுங்கிப் போட்ட தைலமரங்கள்

கிளென் ஆர்டல், ஸ்காட்லாந்து
2 ஏப்ரல் 1963

அன்புத் தங்கை மோர்வனுக்கு,

நலம். பனி இப்போதுதான் வயலை விட்டது. நீ டாஸ்மேனியாவிலிருந்து அனுப்பிய விதையில் முளைத்து, மூன்று வருஷத்தில் என் தோள் உயரம் வந்த தைலமரங்கள் அத்தனையும் கருகிவிட்டன. இலையைத் தொட்டால் நொறுங்குகிறது.

பக்கத்துப் பண்ணைக்காரன் வாட்டி வேலிமேல் சாய்ந்துகொண்டு, "வெயில்ல பொறந்த மரத்துக்கு ஒரு கம்பளிச் சட்டையாவது பின்னிப் போட்டிருக்கலாம்ல, லாக்லன்" என்கிறான். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அவன் டிராக்டரில் சங்கிலி கட்டி எல்லாவற்றையும் பிடுங்கப் போகிறோம். வருத்தப்படாதே. உன் விதைமேல் குற்றமில்லை. இந்தக் குளிரில் ஆடுகளே செத்தன.

உன் அண்ணன்,
லாக்லன்


டாஸ்மேனியா மேட்டுநிலம்
11 ஏப்ரல் 1963

அன்பு அண்ணா,

"பிடுங்காதே" என்று தந்தி அடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வெயிலில் பிறந்த மரமாமே. வாட்டியை ஒரு ஜூலை மாதம், எங்கள் நடுக்குளிர்காலத்தில், இங்கே வரச் சொல். உறைபனி தேங்கும் பள்ளத்தில், முழங்கால் ஆழப் பனியில் நிற்கிற தாய்மரத்தில் ஏறி நானே பறித்த விதை அது. இலையும் கிளையும் கருகினாலும் அதற்குச் சாவு இல்லை. அடித்தண்டில் மண்ணைச் சுரண்டிப் பார், முஷ்டி அளவு ஒரு முடிச்சு இருக்கும். உயிரை அங்கேதான் வைத்திருக்கிறது. தரையோடு வெட்டிவிட்டுச் சும்மா இரு.

ஆகஸ்டில் எரு போட்டாயா? போட்டிருப்பாய். நம் ஊரில் எதைக் கண்டாலும் சாணி அள்ளிப் போடாமல் கை அடங்காதே. குளிர் வரும் நேரத்தில் கொழுத்து விட்ட இளந்தளிர் எப்படித் தாங்கும்?

இன்னொன்று. அப்பா சாவுக்கு நான் வராததிலிருந்து நீ எனக்கு எழுதியதெல்லாம் இந்த மரங்களைப் பற்றித்தான். இவையும் போனால் நமக்குள் கடிதமும் நின்றுவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா.

உன் மோர்வன்


கிளென் ஆர்டல்
21 ஜூலை 1963

அன்பு மோர்வன்,

நல்ல சேதி இல்லாமல் எழுத மனம் வரவில்லை. உன் தந்தி வந்தபோது பாதி மரங்கள் சங்கிலியில் போய்விட்டன. பிடுங்கியதைக் கொளுத்தக் குவித்தோம்; மழை விடவில்லை, அப்படியே கிடந்தது. மீதியை நீ சொன்னபடி வெட்டினேன். மே போயிற்று, ஜூன் போயிற்று, ஒன்றையும் காணோம். உன்னைத் திட்டிக்கொண்டேன்.

போன வாரம் வாட்டி கதவைத் தட்டினான். "வந்து பாரு. நான் குடிச்சிருக்கேனான்னு நீதான் சொல்லணும்" என்றான். போனேன். நின்ற கட்டைகளிலெல்லாம் காசு மாதிரி வட்ட வட்டமாய் நீல இலை. அதுகூடப் பெரிதில்லை. குவியலில், வேர் வானத்தைப் பார்த்துக் கிடந்த கட்டைகளும் துளிர்த்திருக்கின்றன. இப்படியும் ஒரு மரம் உண்டா, மோர்வன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "மம்முட்டிய எடு" என்றான். துளிர்த்ததையெல்லாம் மறுபடி நட்டோம்.

மரத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டேன். இனி அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். தாளில் இன்னும் இடம் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அப்பா சாவுக்கு ஏன் வரமுடியவில்லை என்று நான் ஒருநாளும் உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். கோபத்தில் இல்லை. எழுது.

அண்ணன்,
லாக்லன்