வேப்பிலை கட்டிய வீடு

5-4-82 திங்கள்
காலையிலேயே வெயில். மண்ணெண்ணெய் வாங்கணும்.
மருமகள் மல்லிகாவுக்கு எம்.ஏ. கடைசி வருஷம். பரீட்சை ஒரு பக்கம், ஆய்வேடு ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். ஆய்வேட்டை டைப் அடித்து 15ஆம் தேதிக்குள் வேலூரில் கொடுக்கணும். விட்டால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் ஏது? ஆனியில் நெய்வேலிக்குப் போகிறாள். மகனுக்கு அங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது.
ஆய்வு, முள்ளிப்பட்டுத் தறிக்காரர்களைப் பற்றி.
"வூட்லயே ஒரு தறி கீது. இன்னொருத்தன் தறிய பாக்க பஸ் ஏறிப் போறியே?"
"உங்கள கேட்டா ஒரு கேள்விக்கு ஒம்பது பொய் சொல்லுவீங்க மாமா."
சரிதான்.

6-4 செவ்வாய்
காலையில் ரேஷன் கார்டு மனு. மத்தியானம் எதிர்வீட்டுக் குப்பம்மா, மகனுக்குக் கடுதாசி எழுத. சாயந்திரம் இன்னும் ரெண்டு பேர். எல்லாம் என்னால். "எம்.ஏ. மருமவ, இன்னா வேணா எழுதிக் குடுக்கும்" என்று தெருவெல்லாம் பீற்றினேன். வாய் என்னுடையது, பேனா அவளுடையது.
ஆய்வேடு இன்று அரைப் பக்கம். அடுப்பங்கரையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயமாம். இன்றைய குழம்பில் வெங்காயமே இல்லை.

7-4 புதன்
விடிந்ததும் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகினேன். குப்பம்மா தெருவிலேயே நின்றுவிட்டாள்.
"யாருக்குண்ணா அம்மை?"
"மருமவளுக்கு. ஆத்தா வந்துகீறா."
கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். அப்புறம் ஒரு ஈ, காக்கா வரவில்லை.
மல்லிகாவிடம் சொன்னேன். "தப்பு மாமா" என்றாள். வேப்பிலையை மட்டும் எடுக்கவில்லை.

9-4 வெள்ளி
மளமளவென்று எழுதுகிறாள். காலேஜ் லீவு, அது ஒரு நல்லது.
என் பாடுதான் பேஜார். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. குப்பம்மா மூக்குக்குத் தெரு ஒன்றும் அகலமில்லை. கருவாடு பானையிலேயே தூங்குது. மூன்று நாளாக மோர்ச்சோறு. தறியும் சும்மா. வாசலில் யாரோ வைத்துப்போகும் இளநீர் மட்டும் எனக்கு.

11-4 ஞாயிறு
எழுதி முடித்தாள். தெருக்கோடியில் டைப் அடிக்கும் வேலாயுதத்திடம் காகிதக் கட்டோடு போனேன். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டான்.
"பெரியவரே, அங்கியே நில்லு. அம்மை வூட்டு காயிதம் உள்ள வரக்கூடாது. எனக்குக் கைக்கொழந்த கீது."
"அம்மையே இல்லடா. சும்மா சொன்னேன்."
"ஆத்தா விசயத்துல வெளயாடாத. மூணு தண்ணி ஊத்திட்டு வா."
இத்தனை வருஷம் பொய் சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். இன்று ஒரே ஒரு நிஜம். நம்ப ஆளில்லை.
அம்மை இறங்கினால் தலைக்கு மூன்று தண்ணீர், ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊத்தணும். 15 தாண்டிவிடும். டவுனில் இன்னொரு மெஷின், அங்கே காலேஜ் பிள்ளைகள் வரிசை.
மல்லிகா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். காகிதக் கட்டைத் துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்தாள். "வுடுங்க மாமா. நெய்வேலிக்கே போறேன்."


12-4 திங்கள்
குப்பம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். எழுத முடியாத வசவு. அப்புறம் அவளே தீர்ப்பு:
"ஆத்தா பேர்ல பொய் சொன்னது நீ. மூணு தண்ணியும் ஒனக்குத்தான். இன்னிக்கே. நடுத்தெருவுல ஒக்காரு. வேலாயுதத்த நான் இட்டாறேன்."
உட்கார்ந்தேன். தெருவே வேடிக்கை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த தண்ணீர், மூன்று குடம். மல்லிகா கையால். முதல் குடம் பதமாக. இரண்டாவது உயரத்திலிருந்து. கண்ணெல்லாம் எரிச்சல். மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்கிறாள்.
"ஜல்தி ஊத்தும்மா!"
"எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க மாமா."
வருஷம் பூரா பஸ்ஸைப் பிடிக்க ஓடினவள் சொல்கிறாள்!
வேலாயுதம் சிரித்துக்கொண்டே காகிதக் கட்டை வாங்கிப்போனான்.

14-4 புதன், வருஷப்பிறப்பு
டைப் முடிந்தது. கருவாட்டை எடுத்தேன். நல்ல நாளும் அதுவுமா கூடாதாம். திரும்பப் பானைக்கே.
நன்றி சொல்லும் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். வாத்தியார், முள்ளிப்பட்டுக்காரர்கள், வேலாயுதம். குப்பம்மா கூட இருக்கிறாள்.
"என் பேரு எங்க?"
"உங்களுக்குத்தான் மூணு கொடம் ஊத்திட்டேனே மாமா."
நாளை கா. 5.30 வேலூர் பஸ். நானும் போகிறேன், கட்டைத் தூக்க. போட்டுக்கொள்ள ஒரே பனியன். இன்னும் மஞ்சள்.