நாலு மில்லிக் கம்பி

துபாய்
14.06.1994

அன்பின் பரீதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உம்மாவின் கால்வீக்கம் வற்றியதா?

இங்கே ஒரு பாய்மரப் படகின் மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாற்றினோம்.

"காக்கா, ஆறு மில்லித் தடிப்புக் கம்பியப் போடுவம்" என்றான் கூட வேலை செய்யும் கோமாரி ஊர்க்காரன் ஜீவராஜ்.

"மேல பாரம் கூடினா படகு சரியும் தம்பி. நாலு காணும், பேசாம இரி" என்றேன்.

பாரத்தைப் பார்த்தேன், காற்றின் இழுவையைப் பார்க்கவில்லை. வெள்ளோட்டத்தில் கம்பி அறுந்து வீசி அவனுடைய தாடையைக் கிழித்தது. மூன்று பல் போனது. மரம் முறிந்து என் தோளில் விழுந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்கள். அவனால் வாய் திறக்க முடியாது, நான்தான் கதைக்கிறேன்.

உங்கள் தம்பி நளீமின் வள்ளத்துக்குப் போன மாதம் அனுப்பிய கம்பிச் சுருளும் அதே நாலு மில்லிதான். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லாததால் பாய் கட்டப்போவதாக எழுதியிருந்தான். அதைக் கட்டவிடாதீர்கள். சண்டை பிடித்தாவது பறியுங்கள். கடலுக்குத் தள்ளும் கச்சான் காற்றில் மரம் விழுந்தால் வள்ளம் கரைக்குத் திரும்பாது. இப்போதைக்குத் தடித்த கயிறு போதும்.

முந்தாநாளிலிருந்து கல்முனைக்கு லைன் கிடைக்கவில்லை. இதைக் கொண்டுவருபவர் விமானத்துக்குப் புறப்பட்டு வாசலில் நிற்கிறார். அந்தக் கம்பியை முற்றத்தில் உடுப்புக் காயப்போடக் கட்டிவிட்டு, கட்டியாயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள்.

எழுத்துக் கோணலாக இருப்பதை உம்மா கேட்டால், அவசரம் என்று சொல்லுங்கள். இடது கை என்று சொல்லவேண்டாம்.

உங்கள்
மீராலெப்பை