அம்மா கையெழுத்துப் போடாத தாள்

நௌசோரி, ஃபிஜி
செப்டம்பர் 12, 2009

அன்பு மகள் வாசிதிக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை மெரேவாலேசி. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், அம்மாவும் சரி என்றாள். இங்கே அம்மா, அப்பா, நான், கோழிகள் எல்லாரும் சுகம். ஆக்லாந்தில் நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிறோம், அப்பா மட்டும் பசியில் கொஞ்சம் சுருக்கமாக. கால் வீக்கம் வடிந்ததா? குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்காதே என்று அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

இனி, உன் பிரசவத்துக்கு அம்மா அங்கே வருவதற்கான விசா விஷயம். இங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து, மறுபடி தேர்தல் வைக்கிற வரை ராணுவத்தாரும் அவர்கள் குடும்பமும் நியூசிலாந்துக்குள் வரக்கூடாது என்று தடை இருக்கிறதல்லவா. இந்த மாதம் காமன்வெல்த்தும் நம்மை விலக்கி வைத்துவிட்டது, சிற்றலை வானொலியில் கேட்டோம். அதெல்லாம் பெரிய இடத்துச் சண்டை, நமக்கென்ன என்றுதான் அம்மா இருந்தாள். ஆனால் விசாப் படிவத்தில் உடன்பிறந்தவர்கள் பெயர் கேட்ட இடத்தில், பெரியப்பா பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் என்று பதினான்கு பேரையும், தாளின் பின்பக்கம் வரை எழுதிவிட்டாள். நம் வீட்டில் வேறு எப்படி எழுதுவது? ஒன்பதாவது பெயர் மேஜர் செமேசா மாமா. விசா கிடையாது என்று பதில் வந்தது. விசா அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், அங்கிருந்த பெண், நல்லவள்தான், ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். செமேசா என் சகோதரர் அல்ல என்று அதில் ஒரே வரி. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, அடுத்த வாரமே மகளப் பாக்கலாம் என்றாள்.

போன ஞாயிறு தேவாலயம் முடிந்து மாமா சாப்பிட வந்தார். நம் ஊர் வழக்கப்படி அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசக்கூடாதே, அதனால் இருவரும் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார, நடுவில் நான் தபால்காரி. அம்மா என்னிடம், தேர்தல் எப்பவாம்னு உங்க மாமாவக் கேளு, என் மகளுக்கு நாள் நெருங்கிடுச்சு என்றாள். மாமா கூரையைப் பார்த்தபடி, ரெண்டாயிரத்துப் பதினாலுன்னு சொல்லு என்றார். அதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடமே போயிடும்னு சொல்லு என்றாள் அம்மா. அப்பா குடிக்கக் கவா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே, உலகம் பூரா மிரட்டிக் கேக்குது, உங்கம்மா மட்டுந்தான் கோழியச் சுட்டுப் போட்டுக் கேக்குறா என்று சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அந்தத் தாளுல கையெழுத்துப் போடச் சொல்லு புள்ள, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன் என்றார். அம்மா பாய் நுனியை நெருடிக்கொண்டே இருந்தாள். பிறகு, அண்ணன் இல்லைன்னா முப்பது வருஷமா எதுக்கு அவருகிட்ட வாயத் திறக்காம இருந்தேனாம், கேளு என்றாள். அதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே அக்கா, அம்மா வரவில்லை. தாள் அப்படியே பைபிளுக்குள் இருக்கிறது. போதகரின் மனைவி செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறார், அவரிடம் மூன்று பாய்கள் கொடுத்தனுப்புகிறோம். சிவப்புக் கம்பளிக் குஞ்சம் வைத்தது மாமா வீட்டுப் பாய், குழந்தையை முதலில் அதில்தான் கிடத்த வேண்டும். சாப்பிட்டுப் போன மறுநாள் மாமாவே அதைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மழையில் இறங்கினார். அப்போது அம்மா, என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்து, குடைய எடுத்துட்டுப் போங்கண்ணே என்றாள். மாமா திரும்பாமலே கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார். இதை எழுதாதே என்கிறாள்.

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பார். வலி எடுத்தால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் எங்களுக்கு ஃபோன். கீழே இருப்பது அம்மாவே போட்ட கையெழுத்து.

உன் அம்மா,
உனாய்சி

பி.கு.: எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். குடை வரும் இடத்துக்கு வந்தேன், எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டாள்.