நான் செய்த ஐந்தாம் குழாய்

கித்தான் பையின் வாயைத் திறந்ததும் பாடம் செய்த தோல் வாசனை வந்தது. தோல் மண்டியிலிருந்து நேராக என் பூட்டுப் பட்டறைக்கு வந்து நீ உட்காரும்போது உன் சட்டையில் அடிக்குமே, அதே வாசனை. நீ இறந்துபோய் ஆறு மாதமாகிறது. போன மாதம் உன் மனைவி அந்தப் பையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள்.

“அண்ணே, இது என்ன சாமான்னே தெரியல. பழைய இரும்புக்காரன் கேக்குறான். செத்த பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

இதே சாமானைக் காட்டி முன்பு ஒருவர் என்னிடம் கேட்டார். அன்று நான் சொன்ன பதிலை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஐம்பத்தேழில் மதராஸில் பழைய ராணுவச் சாமான் விற்கும் கடையில் நீ அதை வாங்கினாய். சொந்த ரேடியோவில் வெளியூர்க்காரர்களோடு பேச அரசாங்க உரிமம் உனக்குக் கிடைத்திருந்த நேரம். உள்ளே ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கும் குழாய்கள், ஒரு கம்பிச் சுருள், தரையில் அடிக்கும் முளை. துருவைத் தேய்த்து, குழாய்களில் வெட்டியிருந்த எண்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். ஒன்று முதல் நான்கு, அப்புறம் ஆறு.

“தூக்கிட்டுப் போற ஏரியல் மாப்ளே இது! அஞ்சாம் நம்பரத்தான் காணோம்” என்றாய்.

ஐந்தாவதை நான் பித்தளையில் கடைந்து, மரை வெட்டிக் கொடுத்தேன். ரெட்டியார்சத்திரம் பக்கம் கடலை பிடுங்கிய காட்டில் அதை நட்டோம். வரப்பில் வந்த விவசாயி, “மழை வருமான்னு பாக்குற கம்பியா அப்பு?” என்று கேட்டார். சிலோன்காரர் ஒருவர் நம் ஊர்ப்பெயரைத் திருப்பிச் சொன்னபோது, கேட்பானைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டாய்.

சீன யுத்தம் வந்தது. இனி யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. ரேடியோவை நீயே கொண்டுபோய் ஒப்படைத்தாய். பரணில் கிடந்த ஏரியலை மறந்துவிட்டாய். யாரோ மனுப் போட, போலீஸ் உன்னையும் பையையும் கொண்டுபோனது. கடைசல் வேலை தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். “இந்தப் பித்தளைக் குழாய் உள்ளூர் வேலையாட்டம் இருக்கு. தடைக்கு முன்னாடி செஞ்சதா, பின்னாடி செஞ்சதான்னு தெரிஞ்சா விசாரணை முடிஞ்சிரும். உங்க வேலையா?”

என் மரையை எனக்குத் தெரியாதா? ஆனாலும் சொன்னேன்: “தெரியாதுங்க. இது என்ன சாமான்னே எனக்குத் தெரியல.”

என்னையும் உட்கார வைத்துவிடுவார்களோ, பட்டறையை மூடிவிடுவார்களோ என்று பயம். வேறு காரணம் இல்லை. உன்னை நான்கு நாள் வைத்திருந்தார்கள். உரிமம் உண்மைதான் என்று மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை தினமும் போய்க் கையெழுத்துப் போட்டாய். உன்னோடு வியாபாரம் செய்தவர்கள் எதிரே கண்டால் தெருவை மாற்றிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து பையைத் திருப்பிக் கொடுத்த அன்று நீ நேராக என்னிடம்தான் வந்தாய். “டீ சொல்லு மாப்ளே” என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீ சொன்னேன். அதற்குப் பிறகு நீ அந்த ஏரியலை நடவே இல்லை.

இப்போது குழாய்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இறுகிய மரைகளை ஒவ்வொன்றாக விடுவித்தேன். சுருளில் கம்பி அரித்துப்போயிருந்தது. எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே பிரித்து, அதே கணக்கில் புதுக்கம்பி சுற்றினேன். பட்டறை மாடியில் நிறுத்தியபோது கோணாமல் நின்றது. நேற்று உன் வீட்டுக்கு எடுத்துப்போய், இது இன்னது என்று தங்கச்சியிடம் சொன்னேன். அன்று ஸ்டேஷனில் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அழவில்லை.

“அவுகளுக்கு அன்னைக்கே தெரியும்ணே. அடுத்த ரூம்லதான் உக்கார வச்சிருந்தாங்களாம். நீங்க பேசுனது அம்புட்டும் காதுல விழுந்துச்சாம். ‘அவன் பயந்துட்டான், விடு. நீ இத யார்ட்டயும் சொல்லாத’ன்னாக.”

ஏழு வருஷம், மாப்ளே. எல்லாம் தெரிந்துகொண்டே என் பட்டறை முக்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறாய். உனக்குத் தெரியாது என்ற தைரியத்தில் நான் சிரித்துப் பேசியிருக்கிறேன். எத்தனையோ நாள் டீ குடித்து முடித்த பிறகும், போகாமல் கொஞ்ச நேரம் சும்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். வேலை கெடுகிறதே என்று நான் அரத்தை எடுத்துக்கொள்வேன். நானாகச் சொல்வேன் என்றுதான் நீ காத்திருந்தாய் என்பது, நேற்று உன் வீட்டு வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் எனக்கு உறைத்தது.